ஆற்காடு மக்கன் பேடா: வெளியே சிவக்கிறது, உள்ளே மாவாகவே நிற்கிறது. எங்கே தப்பு?

கொசப்பேட்டை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா பிறந்து வளர்ந்தது வேலூர் கொசப்பேட்டையில். வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்து 40 வருஷம் ஆகிவிட்டது. வருகிற ஆடியில் அவருக்கு 75 முடிகிறது. புதுச் சட்டை வேண்டாம், மோதிரம் வேண்டாம், ஒரு தடவை ஆற்காட்டு மக்கன் பேடா சாப்பிட வேண்டும் என்கிறார். எங்கள் தாத்தா நெல் விஷயமாக ஆற்காட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் மந்தாரை இலையில் கட்டி வாங்கி வருவாராம். வீடு வந்து சேர்வதற்குள் பாகு கசிந்து இலை மடிப்பில் தேங்கி நிற்கும், பேடா ஆளுக்கொன்று தீர்ந்ததும் அந்த மடிப்பு யாருக்கு என்று அண்ணன் தம்பி நாலு பேருக்கும் தகராறு நடக்கும், பாட்டி வந்து பிடுங்கிக் கடைசித் தம்பி கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கடைசித் தம்பிதான் அப்பா. இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைக் குவித்து இலை மாதிரி பிடித்துக் காட்டுவார்.

போன மாதம் ஒரு கடையிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். வந்து சேர ஐந்து நாள் ஆனது, பெட்டியைத் திறந்ததுமே புளித்த வாடை. அப்பா கண்ணில் காட்டாமலே எடுத்துப் போட்டுவிட்டேன். சரி, வீட்டில் செய்து பார்ப்போம் என்று இறங்கி இதுவரை மூன்று தடவை செய்தாயிற்று. சர்க்கரை போடாத கோவா கால் கிலோ, மைதா கால் கிலோ, சோடா உப்பு அரை டீஸ்பூன், நெய் இரண்டு கரண்டி. சப்பாத்தி மாவு மாதிரி நன்றாக அடித்துப் பிசைந்து, நடுவில் முந்திரி திராட்சை வைத்து உருட்டி, எண்ணெயில் பொரித்துப் பாகில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் கருஞ்சிவப்பாகிவிடுகிறது. பிட்டுப் பார்த்தால் ஓரம் ஜாமூன் மாதிரி, நடுவில் பருப்பைச் சுற்றி வெள்ளையாகப் பச்சை மாவு. பாகும் தோலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிறந்த நாளுக்கு இரண்டு நாள் அப்பாவை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பேடா போக, அவர் சொல்லும் வெங்காய சமோசா, கூழ், முள்ளுக் கத்திரிக்காய் எல்லாம் இப்போதும் இருக்கிறதா? ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை அடுப்படி:

தங்கச்சி, நான் 22 வருஷம் இனிப்புக் கடை அடுப்பில் நின்றவன், ஆற்காட்டில் பாதி, ராணிப்பேட்டையில் மீதி. நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. தப்பு ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது.

முதலில் அளவு. கோவாவுக்குச் சமமாக மைதா போட்டால் அது பேடா ஆகாது, இனிப்பு போண்டா ஆகும். கால் கிலோ கோவாவுக்கு மைதா 100 கிராம் போதும், கோவா ரொம்ப ஈரமாக இருந்தால் 120 வரைக்கும் போகலாம், அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூட வேண்டாம். சோடா உப்பு கால் டீஸ்பூன், அதுவும் தலை தட்டி.

இரண்டாவது பிசைவது. சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன் என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் பேடா கெட்டது. மைதாவை இழுத்துப் பிசையப் பிசைய ரப்பர் மாதிரி இறுகும், பாகு எப்படி உள்ளே போகும்? கை வலுவையெல்லாம் கோவாவிடம் காட்டுங்கள். கோவாவைத் தாம்பாளத்தில் போட்டு உள்ளங்கை அடியால் தேய்த்துத் தள்ளிக்கொண்டே வாருங்கள், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. முதலில் மணல் மாதிரி நெருடும், அப்புறம் நெருடல் போய் வெண்ணெய் மாதிரி வழுக்கும், கையில் நெய்ப்பசை ஏறும். அந்த நிலைக்கு வந்த பிறகு சோடா கலந்து சலித்த மைதாவையும் உருக்காத நெய் இரண்டு கரண்டியையும் போட்டு விரல் நுனியால் சேர்த்தால் போதும். சேர்ந்ததா, கையை எடுத்துவிடுங்கள். காய்ந்த மாதிரி இருந்தால் பால் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். ஈரத்துணி போட்டு மூடி கால் மணி நேரம் வைத்தால் போதும். காலையில் பிசைந்து மாலையில் பொரிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சோடாவின் வேகம் அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது தீ. இரண்டு நிமிடத்தில் சிவந்தது என்றால் எண்ணெய் கொதித்துக் கொண்டிருந்தது என்று அர்த்தம். கடையில் நாங்கள் பார்க்கும் விதம் இதுதான்: மிளகு அளவு மாவைக் கிள்ளிப் போட்டால் அது அடியில் போய் உட்கார வேண்டும், மெதுவாக எண்ணி ஐந்து ஆறு வரும்போது குமிழ் விட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். போட்டதும் மேலே துள்ளினால் சூடு அதிகம், அடுப்பை அணைத்துவிட்டு ஆறட்டும் என்று நில்லுங்கள். பேடாவைப் போட்ட பிறகு கரண்டியால் தொடவே வேண்டாம், கரண்டியின் முதுகால் எண்ணெயைச் சுழற்றி விடுங்கள், அந்தச் சுழலில் அதுவே புரளும். ஒரு ஈடு சிவந்து வர 12 நிமிடம் பிடிக்கும், பெரிய உருண்டை என்றால் 15. அதுவரை அடுப்பை விட்டு நகரக்கூடாது.

பாகு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது தோலோடு நிற்கிறது என்பதிலேயே கம்பிப் பதம் வரை விட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அரை கிலோ சர்க்கரைக்கு 400 மில்லி தண்ணீர், இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டால் பிசுக்கு தட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. பேடா சூடாக இருக்கும்போது பாகு கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். கொதிக்கிற பாகில் போட்டால் சுருங்கிப் போகும், ஆறிய பாகில் போட்டால் குடிக்காது. ஆறு மணி நேரம் ஊற விடுங்கள், ராத்திரி போட்டுக் காலையில் எடுத்தால் இன்னும் நல்லது.

மேல்விஷாரம் வீட்டுச் சமையல்:

அண்ணன் சொன்னதில் தீ பற்றிய பேச்சு அத்தனையும் சரி. ஆனால் எங்கள் வீட்டில் நெய் கிடையாது, வெண்ணெய்தான். மக்கன் என்றாலே உருதுவில் வெண்ணெய்தானே. எங்கள் நன்னிமா, அதாவது பாட்டி, வெண்ணெயைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி உப்பும் புளிப்பும் போக்கிய பிறகுதான் மாவில் சேர்ப்பார். கூடவே கெட்டித் தயிர் ஒரு ஸ்பூன், சோடா அதோடு சேர்ந்துதான் நன்றாக வேலை செய்யும் என்பார். நெய் போட்டதை விட இதில் உள்பக்கம் பஞ்சாக வரும், இது என் அனுபவம்.

அக்கா, உங்களுக்கு நடுவில் வெள்ளையாக நிற்பதற்குப் பூரணமும் ஒரு காரணம். திராட்சையைக் கழுவி ஈரத்தோடு வைத்தீர்களா? அந்த ஈரம் சுற்றியுள்ள மாவை வேகவிடாது. எங்கள் வீட்டில் பாதாம், முந்திரி, பிஸ்தாவைக் கத்தியால் சன்னமாகச் சீவி, சாரைப்பருப்பு, வெள்ளரி விதை சேர்த்து ஒரு நாள் வெயிலில் போட்டு எடுப்பார்கள். திராட்சையும் துடைத்துக் காயவைத்ததுதான். வைக்கும் அளவு கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளும் அளவு, அதற்கு மேல் இல்லை. முழு முந்திரியை வைக்கவே வைக்காதீர்கள், கல் மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சுற்றி மாவு வேகாது. மூடிய பிறகு உருண்டையாக விடாமல் உள்ளங்கையில் வைத்து மெல்ல அமுக்கி வடை மாதிரி லேசாகத் தட்டையாக்க வேண்டும். ஜாமூனுக்கும் பேடாவுக்கும் பார்வைக்கு இதுதான் வித்தியாசம், வேகுவதற்கும் இந்தத் தட்டைதான் உதவி. ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எண்ணெயில் வாய் பிளந்து பருப்பெல்லாம் வெளியே வந்துவிடும், ஈர விரலால் தடவி மூடிவிடுங்கள்.

ஆற்காட்டு நவாப் வீட்டுச் சமையலில் பிறந்த இனிப்பு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வாலாஜா நவாப் 1768ல் சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு போய்விட்டார், பேடா ஆற்காட்டிலேயே நின்றுவிட்டது, இன்று வரைக்கும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு நாள் வருகிறீர்கள் என்றால் தம்ரூட்டையும் விடாதீர்கள். ரவை, கோவா, நெய் சேர்த்துக் கிளறி, தட்டில் கொட்டி, மேலேயும் கீழேயும் தணல் வைத்து எடுப்பது. மேல் தோல் சிவந்து லேசாகக் கருகின மாதிரி இருக்கும், அந்தத் தோல் துண்டுக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.

சாயிநாதபுரத்துக்காரன்:

ஆடியில் வருகிறீர்கள் என்றால் கூழைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குங்கள். வேலூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டி, வேப்பிலைத் தோரணம் போட்டு, அண்டாவில் கூழ் ஊற்றிக் கொண்டிருப்பார்கள். பாத்திரம் கொண்டு போனால் பாத்திரத்தில், இல்லையென்றால் டம்ளரில். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க விட்டு, நொய்யை வேகவைத்து அதில் ஊற்றி, அடி பிடிக்காமல் துடுப்பால் கிளறி, ஆற வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைப்பது. தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை, மொச்சை, சில இடங்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டு. என் கணக்கில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. கோயிலில் கிடைக்காத நாளில் தள்ளுவண்டிக் கூழ் இருக்கிறது, மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும் தட்டில் பரப்பி நிற்பார்கள். கோடையில் அவர்கள் இல்லையென்றால் இந்த ஊர் வெயிலில் வெளி வேலை செய்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

சமோசா இருக்கிறது. அப்பா சொல்வது உருளைக்கிழங்கு வைத்த குண்டு சமோசா இல்லை, தட்டையான முக்கோணம், உள்ளே வெங்காயம் மட்டும். வெங்காயம் தண்ணீர் விட்டு மாவு நமுத்துப் போகாமல் இருக்க அவல் கலந்து வைப்பார்கள், அதைப் பார்த்தால் இவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம். சாயங்காலம் நாலரை ஐந்துக்கு முதல் ஈடு இறங்கும்போது நிற்க வேண்டும், ஆறு மணிக்கு மேல் போனால் கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடப்பதைத்தான் கொடுப்பார்கள். மழை பெய்து நிலம் நனைந்திருந்தால் வேகவைத்த மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும் வரும், தோலைப் பிரித்தால் உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். அப்பாவுக்கு மல்லாட்டை என்ற சொல் ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள், கோயம்புத்தூரில் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

முள்ளுக் கத்திரிக்காய் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். வாங்கும்போது காம்பையும் தொப்பியையும் விரலால் தடவிப் பாருங்கள், சுருக்கென்று குத்தினால்தான் அது. வழுவழுவென்று பளபளப்பாக இருப்பதை இதே பெயர் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். புளி கரைத்த எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு முழுசாகப் போட்டாலும் சட்டென்று வெந்து, குழையாமல் நிற்கும். கோயம்புத்தூருக்கு இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போங்கள், பையில் துணி சுற்றி வையுங்கள், முள் பையைக் கிழித்துவிடும்.

ஆம்பூர் பேட்டை:

கத்திரிக்காய் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அதை முழு ருசியோடு சாப்பிட வேண்டும் என்றால் ஆம்பூர் வரை வந்துவிடுங்கள், வேலூரிலிருந்து 50 கிலோமீட்டர்தான். இங்கே பிரியாணிக்கு எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் இல்லாவிட்டால் இலை நிறையாது. சீரகச் சம்பா அரிசி. காரம் மிளகாய்த் தூளில் இல்லை, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில்தான், நிறமும் அதுவே கொடுக்கும். அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்துக் கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவது எங்கள் வழக்கம், கறியோடு சேர்த்து அரிசியை வேகவிடுவது இல்லை. அதனால்தான் சாப்பிட்டு முடித்தாலும் வயிறு கனக்காது, 75 வயதுக்காரரும் தைரியமாகச் சாப்பிடலாம். மதியம் 12 மணிக்குள் வாருங்கள். விறகு அடுப்பில், மூடி மேல் தணல் போட்டு, சட்டியைத் திறக்கும் நேரம் அதுதான். கல்யாண வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் பிரெட் அல்வாவும் வரும், அதை மட்டும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், பெரும்பாலும் நெய்க்குப் பதில் டால்டா.

காட்பாடி செவிலி:

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா சகோதரி? இருந்தால் ஒரே நாளில் பேடா, தம்ரூட், பிரியாணி என்று அடுக்க வேண்டாம். பேடா சாப்பிடும் வேளையில் சோற்றைக் குறைத்துவிடுங்கள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் மட்டும் கூட்டிப் போய்விடாதீர்கள்.

கொசப்பேட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சகோதரி, அப்பாவுக்குச் சர்க்கரை லேசாக இருக்கிறது, நீங்கள் சொன்னபடி பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறேன். மல்லாட்டையைக் கேட்டேன், பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்து வந்து "மல்லாட்டை உருண்டை கூட இருக்கும்மா, வெல்லம் போட்டது" என்றார்.

நேற்று ராத்திரி நாலாவது தடவை செய்தேன். 100 கிராம் மைதாதான். கோவாவைத் தேய்க்க 12 நிமிடம் ஆனது, அண்ணா சொன்ன அந்த வழுக்கல் வந்ததும் எனக்கே கையில் தெரிந்தது. மேல்விஷாரத்துத் தங்கை சொன்ன வெண்ணெயும் தயிரும் போட்டேன், திராட்சையே வைக்கவில்லை. மொத்தம் 14 பேடா. ஓரம் முதல் நடு வரைக்கும் ஒரே நிறம், பச்சை மாவு எங்கேயும் இல்லை, பாகு நடுவில் இருக்கும் பருப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனால் மூன்று பேடா பாகில் ஊறும்போதே பிளந்து கரைந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரே மாவுதான், ஒரே எண்ணெய்தான், இந்த மூன்று மட்டும் ஏன்?

அப்பாவுக்கு ஒரு கிண்ணத்தில் ஒன்றே ஒன்று வைத்துக் கொடுத்தேன். இலை எங்கே என்று கேட்டார். கோயம்புத்தூரில் மந்தாரை இலைக்கு எங்கே போவது, வாழை இலையைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன். பேடாவை மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு மடிப்பை வாயருகே கொண்டுபோய் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏலக்காய் வேண்டும் என்றார்.

ராணிப்பேட்டை அடுப்படி:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பிளந்த மூன்றும் கடைசி ஈட்டில் வந்தவையா என்று யோசித்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு எடுத்த பிறகு எண்ணெய் ஆறிப்போயிருக்கும், சூடு குறைந்த எண்ணெயில் தோல் கட்டாது, தோல் கட்டாத பேடா பாகில் நிற்காது. ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னாலும் அந்த மிளகு அளவு மாவைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். வெண்ணெயும் தயிரும் சேர்த்ததால் மாவு கொஞ்சம் இளகியும் இருக்கும், அடுத்த தடவை சோடாவை அரைச் சிட்டிகை குறையுங்கள், மைதாவைக் கூட்டாதீர்கள்.

ஏலக்காயைப் பாகு கொதிக்கும்போது போட்டிருப்பீர்கள், வாசனை ஆவியோடு போயிருக்கும். அடுப்பை அணைத்த பிறகு, தோலோடு தட்டிப் போடுங்கள். ஆடியில் வரும்போது ஒரு நாள் முன்னால் இங்கே எழுதுங்கள், மந்தாரை இலை ஒரு கட்டு வாங்கி வைக்கிறேன்.